இன்னொரு கையையும் பாருங்க

"ஒரே தடவை விழுந்ததுல ரெண்டு மொழங்கையும் உடையுமாங்க?" என்று கேட்பவர்கள் சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. பக்கத்து நாற்காலியில் ரெண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், நெற்றி வேர்வையைக்கூடத் துடைக்க முடியாமல். கூட்டிக்கொண்டு வந்தவர்தான் கேட்பார், இன்னும் நம்ப முடியாத குரலில். உடையும் என்றுதான் நான் பதில் சொல்கிறேன். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது. நான் திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட். கம்பெனி டைலர்கள், தறி ஓட்டுகிறவர்கள், தோட்டம் காட்டில் பாடுபடுகிறவர்கள் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் கைதான் பிழைப்பு. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அபூர்வமாக நடக்கிற ஒன்று என்பதாலேயே ரெண்டாவது கையை யாரும் தேடிப் பார்ப்பதில்லை, விழுந்தவரே பார்ப்பதில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு முழங்கையில் வருகிற முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியஸ் எலும்பின் தலையில் வருகிறது. கட்டைவிரல் பக்கமாக முன்கையில் ஓடுகிற எலும்பு ரேடியஸ். அது மேலே போய் முழங்கையின் வெளிப்பக்கத்தில் முடிகிற இடத்தில், ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் வட்டமாக இருக்கிற முனையைத்தான் தலை என்கிறோம். நெதர்லாந்தில் எடுத்த கணக்கில் பத்தாயிரம் பேரில் வருஷத்துக்கு மூன்று பேருக்குள் இந்த முறிவு வருகிறது. அந்த மூன்று பேருக்குள்ளும் ரெண்டு பக்கமும் சேர்ந்து உடைவது மிகச் சிறிய பங்கு. எவ்வளவு சிறியது என்றால், மருத்துவ இதழ்களில் அது இன்னமும் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் கதையாகத்தான் வருகிறது. இன்ன வயது, இப்படி விழுந்தார், ரெண்டு பக்கமும் உடைந்திருந்தது, இப்படி வைத்தியம் பார்த்தோம் என்று எழுதுவார்கள். தினமும் வந்து போகிற மணிக்கட்டு முறிவை யாரும் அப்படி எழுதி அனுப்ப மாட்டார்கள். ஆனால் அந்தச் சின்னப் பங்கும் உண்மையைவிடக் குறைவு என்பது என் எண்ணம். எலும்பு இடம் விட்டு நகராமல் மெல்லிய விரிசலாக மட்டும் இருந்தால், பல வீடுகளில் அது சுளுக்கு என்ற பெயரிலேயே தைலம் போட்டு ஆறிவிடுகிறது. படம் எடுத்தால்தானே கணக்கில் வரும்.

எப்படி உடைகிறது என்று பார்த்தால், ஏன் அபூர்வம் என்பதும் தானாகப் புரியும். விழும்போது கை முன்னால் நீளும். யோசித்துச் செய்கிற காரியமில்லை, முகத்தைக் காப்பாற்ற உடம்பு தானாகச் செய்வது. உள்ளங்கை தரையில் ஊன்றும், முன்கை உள்பக்கம் திரும்பியிருக்கும், முழங்கை லேசாக மடங்கியிருக்கும். விழுந்த வேகம் மொத்தமும் மணிக்கட்டு வழியாக மேலே ஏறி முழங்கைக்கு வரும்போது, அதில் 60 சதவீதம் போல அந்த ரேடியஸ் தலை வழியாகத்தான் போகிறது. மேற்கை எலும்பின் உருண்டையான முனையில் அது மோதி விரிகிறது. அப்படியானால் குப்புற விழுகிற எல்லோருக்கும் ரெண்டு கையும் உடையணுமே என்று கேட்கலாம். நாம் பெரும்பாலும் நேராக விழுவதில்லை. ஒரு கால் வழுக்கும், இடுப்பு ஒரு பக்கம் திரும்பும், ஏதாவது ஒரு கை முன்னதாகத் தரையைத் தொட்டு வேகத்தை வாங்கிக்கொள்ளும். அடுத்த கை தரைக்கு வருவதற்குள் அடி முடிந்திருக்கும். ரெண்டு கையும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி இறங்குகிற அளவுக்கு உடம்பு நேராக முன்னால் போகிற விழுகை வேறு வகை. சைக்கிளில் முன் சக்கரம் தட்டி ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுவது அதற்கு நல்ல உதாரணம். ஏணியிலிருந்து முகம் குப்புற வருவதும், படிக்கட்டில் கடைசி ரெண்டு படியைத் தவறவிட்டு முன்னால் பாய்வதும் அதே ரகம்.

நம்ம கொங்குப் பக்கம் அந்த மாதிரி விழுவதற்கு வண்டிதான் முதல் வழி. காலையில் எட்டு மணிக்கு அவிநாசி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ நின்று பார்த்தால் தெரியும், கம்பெனிக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர் ஸ்கூட்டரில் போகிறார்கள் என்று. கிராமத்தில் பால் கேனை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போகிற எக்ஸெல் வண்டிகள். ரெண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும்போது முன் சக்கரம் சட்டென்று நின்றால் உடம்பு போவதற்கு ஒரே திசைதான். குறுக்கே ஓடி வருகிற நாய், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோடு, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை, ராத்திரி மழையில் சேறாகிப் போன தோட்டத்துத் தடம் எல்லாம் காரணமாகிவிடுகிறது. பதறும்போது கை முதலில் முன் பிரேக்கைத்தான் இறுக்குகிறது. வண்டி இல்லாமல் விழுகிறவர்களும் வருகிறார்கள். ஐப்பசி மழையில் பாசி பிடித்த களத்திலும், தண்ணித் தொட்டி ஓரத்திலும் வழுக்கி விழுந்தவர்கள்தான் அதில் அதிகம்.

காங்கயத்துக்குப் பக்கத்தில் என் சித்தி ஊர். மாட்டைப் பீய்ச்சிக் காலை ஆறரைக்கெல்லாம் சொசைட்டிக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் ஊர்க் கோயில் திருப்பத்தில் நாய் குறுக்கே வந்து, பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் வண்டி குத்திட்டு நிற்க, சித்தி முன்னால் போய் ரெண்டு உள்ளங்கையையும் ஊன்றி விழுந்தார். பால் ரோடு முழுக்கப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். வலது முழங்கை உடனே வீங்கிவிட்டது. அந்தக் கையை இடது கையால் அணைத்துப் பிடித்தபடிதான் காரில் ஏறியிருக்கிறார், ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாராம். அங்கே வலது முழங்கைக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ரேடியஸ் தலையில் விரிசல், மாவுக் கட்டு. இடது கையும் ஒரு மாதிரி வலிக்கிறது என்று சித்தப்பா சொன்னதற்கு, சுளுக்காக இருக்கும், தைலம் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தது சில நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. "வா கண்ணு, காப்பி குடிச்சிட்டு உக்காரு" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டு, மருமகள் கொண்டுவந்து வைத்த தம்ளரை இடது கையில் எடுத்தார். எடுத்தவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தம்ளரை மேஜையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குத் தூக்கி அங்கேயே நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்து வாயைத் தம்ளருக்குக் கொண்டுவந்தார். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், இடது கைப் பழக்கமில்லாததால் அப்படிக் குடிக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். "சித்தி, கோயில்ல தீர்த்தம் வாங்கற மாதிரி உள்ளங்கையைத் திருப்புங்க" என்றேன். பாதி திரும்பியது, அதற்கு மேல் தோளைச் சாய்த்துத் திருப்பப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னால் முழுசாக நீளவில்லை. முழங்கையின் வெளிப்பக்கத்தில், எலும்பு மேட்டுக்குக் கொஞ்சம் கீழே கட்டைவிரலை வைத்துக்கொண்டு முன்கையை மெல்லத் திருப்பினேன், முகம் சுருங்கிப் போய்விட்டது. அன்றைக்கே காங்கயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இடது பக்கமும் படம் எடுத்தோம். அந்தத் தலையிலும் ஒரு மெல்லிய கோடு. உடைந்த கையைத் தாங்கிப் பிடித்து வந்த கையும் உடைந்த கைதான். திரும்பி வரும்போது சித்தி சொன்னார், "அந்தக் கையும் அன்னைக்கே வலிச்சுது சாமி. சோத்துக் கையே போயிருச்சேன்னு அதையே பாத்துட்டு இருந்துட்டேன்."

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். வலியில் பெரியது சின்னதை மறைத்துவிடும். விழுந்தவர் ஒரு கையைக் காட்டுவார், டாக்டர் காட்டிய கையைப் பார்ப்பார், காட்டிய கைக்கு எக்ஸ்ரே சீட்டு எழுதுவார். கூட்டம் நெரிகிற வெளிநோயாளி அறையில் அவர் படுகிற அவஸ்தை எனக்குத் தெரியும். ஆனாலும் ரெண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை, அதைச் செய்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். அடிபட்டவரை உட்கார வைத்து, ரெண்டு கையையும் தோள் உயரத்துக்கு முன்னால் தூக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை முழுசாக நீட்டச் சொல்ல வேண்டும். 2008ல் இங்கிலாந்தில் முழங்கையில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த 1,700க்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். முழுசாக நீட்ட முடியாதவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எலும்பு உடைந்திருந்தது. நீட்ட முடிந்த பெரியவர்களில் உடைந்திருந்தது நூற்றுக்கு ரெண்டு பேருக்கும் குறைவு. நீட்ட முடிந்தது என்பதற்காக அப்படியே விட்டுவிடுவதும் சரியில்லை, ஒரு வாரம் பத்து நாளில் வலி குறையவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இதை மட்டும் நம்பவே கூடாது.

படத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. விரிசல் சில நேரம் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. ஆனால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிற கொழுப்புத் திட்டு மேலே தள்ளப்பட்டு, பக்கவாட்டுப் படத்தில் எலும்புக்குப் பின்னால் கறுப்பு நிழலாகத் தெரியும். அடிபட்ட பெரியவருக்கு அந்தப் பின்பக்க நிழல் தெரிந்தால், கோடு தெரியாவிட்டாலும் ரேடியஸ் தலையில் விரிசல் இருப்பதாக வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது வழக்கம். சித்தியின் இடது கைப் படத்தில் கோட்டைவிட அந்த நிழல்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. மணிக்கட்டையும் அழுத்திப் பார்க்கணும். ரேடியஸ் தலை நொறுங்கியதோடு, முன்கையின் ரெண்டு எலும்புகளுக்கும் நடுவில் இருக்கிற சவ்வும் கிழிந்து, கீழே மணிக்கட்டு மூட்டும் விலகிப் போகிற ஒரு வகைக் காயம் உண்டு. எசெக்ஸ்-லோப்ரெஸ்டி என்ற டாக்டர் 1951ல் எழுதியதால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். அதைக் கவனிக்காமல் மேலே இருக்கிற தலையை மட்டும் எடுத்துவிட்டால் அப்புறம் மணிக்கட்டு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு கொடுக்கும்.

பிள்ளைகள் கதை வேறு. அவர்களுக்கு ரேடியஸ் தலையைவிட, மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே மெலிந்து தட்டையாகிற இடத்தில் உடைவதுதான் அதிகம். பிள்ளைகளின் முழங்கை முறிவுகளில் பாதிக்கு மேல் இதுதான், பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள். கொய்யா மரத்திலிருந்து, மோட்டார் ரூம் மொட்டை மாடியிலிருந்து, மாட்டு வண்டி நுகத்தடியிலிருந்து கையை நீட்டிக்கொண்டு விழும். அந்த வயதில் மூட்டு இளக்கமாக இருப்பதால் முழங்கை பின்பக்கமாக அளவுக்கு மீறி வளைந்து எலும்பு மடங்கிவிடுகிறது. ரெண்டு பக்கமும் ஒன்றாக உடைவது இதிலும் அபூர்வம். ஆனால் உயரத்திலிருந்து குப்புற விழுந்த பிள்ளையின் ஒரு கை கோணலாகத் தெரியும்போது அடுத்த கையைப் பார்க்கிற பொறுமை பெற்றவர்களுக்கு இருக்காது, பிள்ளையும் வலியில் எதையும் தனியாகச் சொல்லத் தெரியாமல் அழும். இந்த முறிவில் எலும்புக்கு முன்னால்தான் கைக்குப் போகிற ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. விரல் வெளுத்திருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா, விரலை மெல்ல நீட்டினால் கத்துகிறதா என்று மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும், ரெண்டு கையிலும் பார்க்க வேண்டும். மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி இறுக்கிக் கட்டுகிற வழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறது. உடைந்த கை முதல் ரெண்டு நாளில் வீங்கிக்கொண்டே போகும், கட்டு விரியாது. உள்ளே ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போய் விரல்கள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். வோல்க்மன் என்ற ஜெர்மன் சர்ஜன் 1881லேயே எழுதி வைத்த விபரீதம் இது. அப்படி இறுகிப்போன விரல்களோடு ஒரு பிள்ளை என் முன்னால் வந்து உட்காரும்போது என்னால் செய்ய முடிவது ரொம்பக் கொஞ்சம். மாவுக் கட்டோ மூங்கில் கட்டோ, விரல் நிறம் மாறினால் ராத்திரி என்றும் பார்க்காமல் கட்டைப் பிரிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, சித்தி கதைக்கு வருகிறேன், ஏனென்றால் ரெண்டு கையும் இல்லாத நாட்கள் எப்படிப் போகும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஒரு கை உடைந்தவருக்கு அடுத்த கை இருக்கிறது, தட்டுத் தடுமாறியாவது சமாளித்துவிடுவார். ரெண்டும் போனால் மூக்கு அரித்தால் சொறிய ஆள் வேண்டும். கொசு கடித்தால் கூப்பிட வேண்டும். சோறு ஊட்டிவிட ஆள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தோன்றும், ஒறம்பரை எல்லாம் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து "ஊட்டிவிடறாங்களா, நல்லாப் பாத்துக்கறாங்களா" என்று விசாரிப்பார்கள். கேட்க முடியாத கேள்வி கக்கூஸ் பற்றியது. சித்தி வீட்டில் குந்தி உட்காருகிற கக்கூஸ். எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டும், கால் கழுவக் கை பின்னால் போக வேண்டும். ரெண்டும் முடியாது. மருமகளைக் கூப்பிட அவருக்கு மனசு வரவில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. வாய் உலர்ந்து, மலம் கட்டி, நீர்க்கடுப்பு வந்து முனக ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், ஆம்பளைகளிடமும் பார்த்திருக்கிறேன். கை உடைந்த வேதனையைவிட அந்த வெட்கம்தான் ஆளைச் சாய்த்துவிடுகிறது.

சித்தப்பாதான் அதற்கு வழி பண்ணினார். ஊரில் ஏர் ஓட்டிய மனுஷன், வீட்டு வேலையில் கை வைத்து நான் பார்த்ததில்லை. கடையில் போய்ப் பிளாஸ்டிக் கம்மோடு நாற்காலி ஒன்று வாங்கிவந்து போட்டார், கைக்குழாய் பிடித்துக் கழுவிவிட்டார், சேலை வேண்டாம் நைட்டி போட்டுக்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். "இத்தன வருசம் எனக்கு எல்லாம் செஞ்சவளுக்கு இதுகூடச் செய்ய மாட்டனா" என்று என்னிடம் சொன்னபோது குரல் கம்மியது. தலை வாரிப் பின்னிவிடுவது மட்டும் மருமகள் வேலை. ரெண்டு முழங்கையும் அடிபட்டவர் இருக்கிற வீட்டில் முதல் நாளே உட்கார்ந்து பேச வேண்டியது இதுதான்: யார் கழுவிவிடுவது, ராத்திரி கூப்பிட்டால் யார் எழுவது. பேசி முடிவு பண்ணிவிட்டால் அவர் தண்ணீர் குடிப்பார். முனை நீண்ட ஸ்ட்ரா, கம்மோடு நாற்காலி, முன்னால் பித்தான் வைத்த சட்டை, இவ்வளவும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குள் கிடைக்கிற சமாச்சாரம்.

ரெண்டு கைக்கும் மாவுக் கட்டுப் போட்டு மாதக் கணக்கில் அசையாமல் வைப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1954ல் மேசன் என்பவர் நூறு பேருடைய முறிவுகளைப் பார்த்து வகை பிரித்தார், அதைத்தான் சின்னச் சின்ன மாற்றங்களோடு இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். இடம் நகராத விரிசல் முதல் வகை, ஒரு துண்டு விலகியது ரெண்டாவது, தலை முழுக்க நொறுங்கியது மூன்றாவது. மூட்டே நழுவியதோடு உடைந்தால் நாலாவது என்று பின்னால் சேர்த்தார்கள். முதல் வகைக்குக் கழுத்தில் தொட்டில் கட்டிச் சில நாள் வலி தணிகிற வரைக்கும்தான் ஓய்வு, அப்புறம் அசைக்க ஆரம்பித்துவிட வேண்டும். ரெண்டாவது வகையில் துண்டு எவ்வளவு விலகியிருக்கிறது, கை திரும்புவதைத் தடுக்கிறதா என்று பார்த்து ஸ்க்ரூ போடலாமா என்று முடிவு செய்வார்கள். நொறுங்கியிருந்தால் ஆபரேஷன்தான், சிலருக்கு உலோகத் தலை வைப்பார்கள். ரெண்டு பக்கமும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு பக்கம் ஆபரேஷன், ஒரு பக்கம் தொட்டில் மட்டும் என்று முடிவதும் உண்டு. எப்படியானாலும் ஒரு கையாவது சீக்கிரம் வாய்க்கு எட்டுகிற மாதிரி வைத்தியத்தை அமைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், அதைக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. இடது கைப் படத்தைப் பார்த்த டாக்டர் சித்தியின் வலது கை மாவுக் கட்டையும் எடுத்துவிட்டு, ரெண்டு கையையும் தொட்டிலில் போட்டு அசைக்கச் சொல்லிவிட்டார்.

அங்கேதான் வீட்டில் சண்டை வந்தது. "எலும்பு கூடறதுக்கு முன்னாடி ஆட்டலாமா? நீ படிச்ச படிப்பு என்ன படிப்பு?" என்று பக்கத்துத் தோட்டத்து ஆத்தா என்னையே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, காலில் எலும்பு உடைந்தவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கேட்டிருக்கிறார். முழங்கை தனி ரகம். மூன்று வாரத்துக்கு மேல் அசைக்காமல் வைத்தால் இறுகிவிடும், இறுகியதைத் திரும்ப இளக்குவது எலும்பு கூடுவதைவிடக் கஷ்டம். அன்றாட வேலைகளுக்கு முழங்கை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை மடங்க வேண்டும், உள்ளங்கை மேலும் கீழும் 50 டிகிரி திரும்ப வேண்டும் என்று 1981ல் அளந்து சொன்னார்கள். வாய்க்குக் கை எட்டுவது அந்த மடங்கலின் கடைசிப் பகுதியில். ஒரு கை இறுகினால் அடுத்த கையால் சாப்பிடலாம், ரெண்டும் இறுகினால் வாழ்நாள் முழுக்க ஊட்டிவிட ஆள் தேட வேண்டும். அதனால்தான் ரெண்டு பக்க முறிவில் நான் அசைவு விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். அதே பிடிவாதம் உருவிவிடுவதற்கு எதிராகவும் உண்டு. எண்ணெய் போட்டு அழுத்தி நீவி, இன்னொருவர் கையைப் பிடித்து வெடுக்கென்று நீட்டி மடக்கினால், அடிபட்ட சதைக்குள் எலும்பு மாதிரியே கெட்டியாக வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடக் கூடும். பிறத்தியார் தள்ளி நீட்டக் கூடாது. அவரவர் கையை அவரவர் சதையாலேயே, வலி தாங்குகிற அளவுக்கு, ஒரு நாளில் பல தடவை அசைக்க வேண்டும்.

சித்திக்குக் கொடுத்த பயிற்சி சாதாரணமானது. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, துண்டு விரித்து அதன் மேல் முன்கையை வைத்து முன்னால் சறுக்கி நீட்டுவது, திரும்ப இழுத்துத் தோளைத் தொடப் பார்ப்பது. கை திரும்புவதற்குத் தோசைக் கரண்டி. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கரண்டிக் காம்பை நடுவில் பிடித்து, அதன் தலை வலது பக்கம் சாய்கிற வரைக்கும், அப்புறம் இடது பக்கம் சாய்கிற வரைக்கும் மெல்லத் திருப்ப வேண்டும். முழங்கையை விலாவை விட்டு எடுத்தால் தோள்தான் வேலை செய்யும், கை திரும்பாது. சித்தி அதை டிவி பார்த்துக்கொண்டே செய்தார். வலது கையைவிட இடது கை பின்தங்கியே வந்தது, படம் எடுக்கிற வரைக்கும் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் போட்டு உருவிவிட்டதாலும், அந்தக் கையாலேயே சொம்பு தூக்கியதாலும் அதில் வீக்கம் அதிகம். ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். இப்போது ரெண்டு கையும் வாய்க்கு எட்டுகிறது, தலை அவரே பின்னிக்கொள்கிறார். இடது கை கடைசிக் கொஞ்சம் நீளாது. இந்த முறிவில் அப்படி ஒரு சின்னக் குறை நிற்பது சகஜம்.

கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒன்று. பீஸ் ரேட் டைலருக்கு ரெண்டு கையும் உடைந்தால் அந்த மாதம் வருமானம் சுழி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாக வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலை சம்பந்தமான காயம் என்றால் 90 சதவீதம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியிலோ திரும்பி வருகிற வழியிலோ நடக்கிற விபத்தும் வேலைக் காயமாக எடுத்துக்கொள்ளப்படலாம் என்று 2010ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இது தெரியாமல் ஸ்கூட்டரில் விழுந்ததைச் சொந்தச் செலவில் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். விபத்து நடந்த நேரம், இடம் எல்லாவற்றையும் அன்றைக்கே கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, சித்தி வயதுப் பெண்கள் சம்பந்தப்பட்டது. வண்டியில் வேகமாகப் போய் விழுந்தால் யாருக்கும் உடையலாம். நின்ற இடத்தில் வழுக்கிக் கையூன்றியதற்கே ரெண்டு பக்கமும் உடைகிறது என்றால் எலும்பையும் சந்தேகப்பட வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது. நாள் முழுக்க வெயிலில் நிற்கிற ஊரிலும் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்கள் ஏராளம். டெக்ஸா என்கிற எலும்பு அடர்த்திச் சோதனை கோயமுத்தூரில் பல இடங்களில் இருக்கிறது, ஊசி குத்தாத, கொஞ்ச நேரம் படுத்திருந்தால் முடிகிற சோதனை. சித்தி மெதுவாகத்தான் போனேன் என்று சொன்னதால் அவருக்கும் எடுத்துப் பார்த்தோம், அடர்த்தி குறைவாகத்தான் இருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். எங்கம்மா அவருக்கு மூத்தவர், இதுவரை ஒரு எலும்பும் உடைந்ததில்லை, எனக்கு எதுக்கு இதெல்லாம் என்று மறுத்துக்கொண்டே இருந்தார். சித்தியே பேசி, கூடவே பஸ் ஏறிக் கூட்டிக்கொண்டு போய் எடுத்துவிட்டு வந்தார்.